டாக்ஸோ ஐஜிஎம் பாசிட்டிவ் என்று வந்தபோது

கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்தில், வயிற்றுக் குழந்தையைத் தாக்கக்கூடிய சில தொற்றுகளைத் தேடும் ‘டார்ச்’ ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில், டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கான வரியில் ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டுமே பாசிட்டிவ். இரண்டும் கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்கள்; ஐஜிஎம் முதலில் வருவது, ஐஜிஜி பின்னால் வந்து நீண்ட நாள் நிற்பது. எனக்குக் காய்ச்சல் இல்லை, கழுத்தில் நெறி கட்டவில்லை. "நாம பூனைகூட வளர்க்கலையேடி" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பூனையிடமிருந்து மட்டுமல்ல, சரியாக வேகாத கறியிலிருந்தும், கழுவாத காய்கறியில் ஒட்டியிருக்கும் மண்ணிலிருந்தும்கூட இந்த ஒட்டுண்ணி வரலாம் என்பது டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. பெரும்பாலானவர்களுக்கு அறிகுறி எதுவும் இருக்காதாம்.

பார்க்க வேண்டியது தொற்று எப்போது வந்தது என்பதைத்தான் என்றார் டாக்டர். கர்ப்பத்துக்கு வெகுமுன்பே வந்து போயிருந்தால், எதிர்ப்பு சக்தி நன்றாக இருக்கும் தாயிடமிருந்து குழந்தைக்குப் போவது மிக அரிது. கர்ப்பத்தின்போது புதிதாக வந்தால்தான் கவலை. ஆரம்ப மாதங்களில் குழந்தைக்குக் கடத்தப்படும் வாய்ப்பு குறைவு. ஆனால் கடத்தப்பட்டுவிட்டால் மூளையையும் கண்ணையும் கடுமையாகத் தாக்கும், கரு கலையவும் கூடும். கடைசி மாதங்களில் கடத்தப்படும் வாய்ப்பு அதிகம், பாதிப்பு பெரும்பாலும் கடுமையாக இருக்காது. ஆனால் பிறக்கும்போது நன்றாக இருக்கும் குழந்தைக்கும் பிற்பாடு கண்ணில் பாதிப்பு தெரியவரலாம்.

ஐஜிஎம் பாசிட்டிவ் என்றாலே புதுத் தொற்று என்று நினைத்துத்தான் நான் அழுதுகொண்டிருந்தேன். டாக்ஸோவில் அப்படிச் சொல்லிவிட முடியாது. சிலருக்கு ஐஜிஎம் ஒரு வருடத்துக்கு மேலும் ரத்தத்தில் இருக்கும். தொற்றே இல்லாமல் தவறாகப் பாசிட்டிவ் காட்டுவதும் உண்டு. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு கர்ப்பத்தைக் கலைப்பது பற்றிப் பேசவே கூடாது என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். இதே ரிப்போர்ட்டோடு தவித்துக்கொண்டிருக்கும் பெண்களுக்கு அதை அப்படியே சொல்ல ஆசைப்படுகிறேன்.

அடுத்து ஐஜிஜி அவிடிட்டி டெஸ்ட். உடம்பு புதிதாக உண்டாக்கும் ஐஜிஜி கிருமியைத் தளர்வாகத்தான் பிடிக்கும். மாதங்கள் போகப் போக அந்தப் பிடி இறுகும். ஆய்வகத்தில் யூரியா கரைசலால் அலசிப் பார்த்து, எவ்வளவு ஐஜிஜி பிடி விடாமல் நிற்கிறது என்று கணக்கிடுகிறார்கள். ஹை அவிடிட்டி என்றால் தொற்று வந்து ஏறக்குறைய நான்கு மாதமாவது ஆகிவிட்டது என்று அர்த்தம். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்தால்தான் இது தெளிவான பதில் தரும். ஏழாம் மாதத்தில் எடுத்தால் நான்கு மாதத்துக்கு முன்பும் வயிற்றில் குழந்தை இருந்திருக்குமே! லோ அவிடிட்டி என்று வந்தாலும் புதுத் தொற்று உறுதி என்றாகிவிடாது. சிலருக்குப் பிடி இறுகவே மாதக்கணக்கில் ஆகும்.

முடிவு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று ஸ்பைராமைசின் மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஒட்டுண்ணி நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போவதைக் குறைப்பதற்காகத் தரும் மருந்து. எனக்கு வயிற்றைப் புரட்டியது, ஆனாலும் ஒரு வேளைகூட விடவில்லை. புதுத் தொற்று என்று தெரிந்தால் 18 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர் எடுத்து, அதில் ஒட்டுண்ணியின் மரபணு இருக்கிறதா என்று தேடும் பிசிஆர் டெஸ்ட் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் முன்கூட்டியே சொல்லிவைத்தார். தெரிந்துவைத்திருந்ததால் காத்திருப்பது கொஞ்சம் சுலபமானது.

ஹை அவிடிட்டி என்று வந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டோம். ஸ்கேனும் சரியாக இருந்தது.

அன்றைக்கு டாக்டர் விரல் வைத்துக் காட்டியது அதே ரிப்போர்ட்டில் எங்களில் யாரும் கவனிக்காத வேறொரு வரியை: ‘ருபெல்லா ஐஜிஜி நெகட்டிவ்’. நெகட்டிவ்தானே, நல்லதுதானே என்றோம். "இல்லம்மா, உங்களுக்கு ருபெல்லாவுக்கு எதிர்ப்பு சக்தியே இல்லைன்னு அர்த்தம்" என்றார். கர்ப்பத்தின் முதல் 12 வாரத்தில் ருபெல்லா, அதாவது ஜெர்மன் அம்மை, வந்தால் பெரும்பாலும் குழந்தையையும் தாக்கும். கண்புரை, இதயக் கோளாறு, காது கேளாமை வரை போகும். கர்ப்பிணிகளுக்கு வந்த ருபெல்லாவுக்கும் குழந்தைகளின் கண்புரைக்கும் தொடர்பு இருப்பதை 1941-லேயே நார்மன் கிரெக் என்ற ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் கண்டு சொல்லியிருக்கிறார். தடுப்பூசி உண்டு. ஆனால் அது உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ் என்பதால் கர்ப்பத்தில் போடக்கூடாது.

அதனால் காய்ச்சலும் தடிப்புமாக யார் இருந்தாலும் அந்தப் பக்கமே போகாமல் மீதி மாதங்களைக் கடத்தினேன். பிரசவம் முடிந்து வீடு திரும்பும் முன்பே, ருபெல்லாவையும் சேர்த்துத் தடுக்கும் எம்எம்ஆர் தடுப்பூசி போட்டுக்கொண்டேன். தாய்ப்பால் கொடுக்க அது தடையில்லை. ஒரு மாதத்துக்கு மறுபடி கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். கல்யாணத்துக்குக் காத்திருக்கும் என் தங்கையையும் ருபெல்லா ஐஜிஜி பார்க்கச் சொல்லி அனுப்பினேன். அவளுக்கும் நெகட்டிவ், ஊசி போட்டாயிற்று.