பெயிண்ட் கூட அடிக்காத வண்டி

ஸ்லேட் என்ற புது வண்டி எப்போது வருமென்று அமெரிக்காவில் ஒரு கூட்டமே காத்திருக்கிறது. நானும் இங்கிருந்தே வேடிக்கை பார்க்கிறேன். இரண்டு பேர் உட்காரும் சின்ன மின்சார பிக்கப். சாம்பல் நிற பிளாஸ்டிக் உடம்பு, ரேடியோ இல்லை, கண்ணாடியைக் கையால்தான் சுற்றி இறக்க வேண்டும். (பழைய மாருதி 800 ஓட்டியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்!) பிடித்த நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம். தனி கிட் வாங்கி மாட்டினால் ஐந்து பேர் போகும் எஸ்யூவி ஆகிவிடும். அதையும் நாமே வீட்டில் செய்யலாமாம்.

விலைதான் இடிக்கிறது. 2025 ஏப்ரலில் வண்டியை முதலில் காட்டியபோது அரசுச் சலுகை போக 20,000 டாலருக்குள் என்றார்கள். அப்புறம் அந்த 7,500 டாலர் சலுகையே செப்டம்பரோடு நின்றுபோனது. 50 டாலர் கட்டி முன்பதிவு செய்தவர்கள் பாவம். சரி, எனக்குக் கிடைத்தால் ஸ்டிக்கரே ஒட்ட மாட்டேன், அந்தச் சாம்பல் நிறமே அழகுதான்.