கால் வலி என்று காலையே தேய்த்துக்கொண்டிருந்தேன்

இடது கால் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது, நான் பத்தடி தள்ளிப் போன பிறகுதான் கவனித்தேன். சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போயிருந்ததில் செருப்பு காலில் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. அதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே வலி உண்டு. இடுப்பில் கொஞ்சம், புட்டத்தில் நிறைய, அங்கிருந்து தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு, பாதத்தின் வெளி ஓரம் வரை. காலையில் வாஷ்பேசினில் குனிந்திருக்கும்போது ஒரு தும்மல் வந்தால் போதும், சுளீரென்று கால் முழுக்க ஓடும்.

அம்மா வாய்வுப் பிடிப்பு என்றாள். தைலம், வெந்நீர் ஒத்தடம் எல்லாம் காலுக்குத்தான் நடந்தது. தெரிந்த ஒருவர் உருவிவிடுகிறேன் என்று கெண்டைக்காலை அழுத்தியதில் அன்றிரவு புரண்டுகூடப் படுக்க முடியவில்லை. வலிக்கிற இடத்தில்தானே கோளாறு இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறோம். எனக்கு வந்த சயாட்டிகாவில், அதாவது இடுப்பில் நரம்பு நெருக்கப்பட்டுக் காலில் வலிக்கும் இந்தக் கோளாறில், அது அப்படியில்லை. வாசலில் காலிங்பெல்லை அழுத்தினால் மணி வீட்டுக்குள்ளேதானே அடிக்கிறது? அழுத்தம் இடுப்பில், மணி காலில்.

உடம்பிலேயே தடிமனான நரம்பு இந்த சயாட்டிக் நரம்புதான், கிட்டத்தட்ட ஒரு விரல் தடிமன். முதுகெலும்பின் அடிப்பகுதியிலிருந்து கிளம்பும் சில வேர்கள் சேர்ந்து அது உருவாகிறது. எந்த வேர் சிக்கியிருக்கிறதோ அதைப் பொறுத்து வலி போகும் பாதை மாறும். டாக்டர் என்னை ஒற்றைக் காலில் நிற்கவைத்து, குதிகாலைத் தூக்கி எம்பச் சொன்னார். வலது கால் எம்பியது, இடது கால் ஒருமுறைகூட எழும்பவில்லை. குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார், அந்தப் பக்கம் பாதம் துள்ளவே இல்லை. சிக்கியிருப்பது எஸ்1 என்று பெயரிட்ட வேர் என்று அப்போதே சொல்லிவிட்டார். இதுவே ஒரு வேர் மேலே, எல்5 என்றால், கட்டைவிரலைத் தூக்க முடியாமல் போகுமாம், மரப்பும் பாதத்தின் மேல்பக்கம் இருக்குமாம்.

நம் ஊரில் எல்லோரும் சொல்வது “ஜவ்வு விலகிடுச்சு” என்பது. இந்தச் சொல்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது, ஏதோ தட்டு நழுவி வெளியே வந்துவிட்ட மாதிரி, யாராவது பிடித்துத் தள்ளினால் திரும்ப உட்கார்ந்துவிடும் என்கிற மாதிரி. ஜவ்வு என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க், அது எங்கும் நழுவுவதில்லை. மேலும் கீழும் எலும்போடு இறுக்கமாக ஒட்டியிருப்பது அது. வெளி வளையம் கிழிந்து, உள்ளே இருக்கும் கூழ் போன்ற பகுதி பிதுங்கி நரம்பு வேரை நெருக்குகிறது, கூடவே அங்கே அழற்சியையும் கிளப்பிவிடுகிறது. அப்படிப் பிதுங்கியதை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்வதும் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் வலி நன்றாகக் குறைந்துவிடுகிறது, அறுவை சிகிச்சை வரை போவது சிலர்தான். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் பலருக்குப் பிதுங்கல் தெரியும், அதனால் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் உடைந்துபோகாதீர்கள்.

எனக்கு வியப்பாக இருந்தது அடுத்த கட்டம். குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி மார்பை உயர்த்தும் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் பாதத்து வலி போய், தொடையும் லேசாகி, இடுப்பு மட்டும் முன்பைவிட அதிகமாக வலித்தது. “வலி மேல ஏறுதேப்பா” என்று அம்மா கலங்கிப்போனாள். பிசியோதெரபி தம்பியோ சிரித்துக்கொண்டே, “ஏறினா நல்லதுண்ணா, கீழ இறங்கினாத்தான் நிறுத்தணும்” என்றார். 1956இல் நியூசிலாந்தில் ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்டின் நோயாளி ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தியிருந்த மேஜையில் தெரியாமல் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னால் வளைந்தபடி சில நிமிடம் கிடந்தவருக்குக் கால் வலி போயிருந்தது. மெக்கென்சி பிறகு உருவாக்கிய, எனக்கும் கொடுத்த இந்தப் பயிற்சி முறை அங்கிருந்து தொடங்கியதுதான். எல்லோருக்கும் ஒத்துவராது, சிலருக்கு இதே பயிற்சி வலியைக் காலில் இறக்கிவிடும். ஆகவே வீடியோ பார்த்துத் தானாகத் தொடங்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, தெரியாமலே கசிந்தாலோ, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனாலோ, இரண்டு காலும் பலமிழந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். முதுகெலும்பின் அடிப்பகுதியில் இருக்கும் நரம்புக் கொத்தே நசுங்கிக்கொண்டிருக்கலாம், நேரம் போனால் திரும்பாது.

எனக்கு இப்போது ஐந்தாவது மாதம். வலி இல்லை, சுண்டுவிரல் ஓரம் மட்டும் இன்னும் துணி சுற்றிய மாதிரி இருக்கிறது. இன்று காலை சுவரைப் பிடித்துக்கொண்டு இடது காலில் 11 முறை எம்பினேன். வலது காலில் 25.