அத்தையின் வில்

பாளையங்கோட்டையில் வயலின் சொல்லிக்கொடுக்கும் என் அத்தையின் வில்லுக்கு இன்று புதுக் குதிரைமுடி போட்டு வந்தது. கையில் வாங்கியதும் வயலின் வில் செய்த பிரான்சுவா சேவியர் தூர்த் ஞாபகம்தான். 1747-இல் பாரிஸில் பிறந்தவர். முதலில் கடிகார வேலை பழகி, அப்புறம்தான் வில்லுக்கு வந்தார். குச்சியைச் செதுக்கி வளைவு கொண்டுவராமல், சூட்டில் வாட்டி உள்பக்கமாக வளைத்தார். எவ்வளவு பொறுமை வேண்டும்! 1835-இல் மறைந்தார். இன்றைக்கும் உலகம் பிடிப்பது அவர் வகுத்த வடிவத்தைத்தான்.

அவர் தேர்ந்தெடுத்த பெர்னாம்புகோ மரம் பிரேசிலுடையது. நம்ம வீட்டில் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைக்கும் பதிமுகத்துக்கு அது சொந்தக்கார மரம். இரண்டிலுமே சிவப்புச் சாயம் இறங்கும்.

அத்தையிடம் இதைச் சொன்னேன். சட்டென்று வில்லை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்கள்.