மோட்டார் இல்லாத வண்டி

எங்கள் குமாஸ்தா அண்ணன் வழக்குக் கட்டின் மேலட்டையில் ‘வண்டி விபத்து, குழந்தைக்குக் காயம்’ என்று எழுதி, மோட்டார் விபத்து நஷ்டஈட்டு மனுக்கள் இருக்கும் எம்.சி.ஓ.பி. அலமாரியில் வைத்துவிட்டார். ஒரு வாரம் தேடினேன். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வக்கீல் சேம்பருக்கு வாடகை கட்டுவதே சாலை விபத்து வழக்குகள்தான். வண்டி என்றால் எங்களுக்கு ஆர்.சி. புத்தகமும் இன்சூரன்ஸும் இருக்க வேண்டும். இதற்கு இரண்டும் கிடையாது. இது குழந்தையை உட்காரவைத்துத் தள்ளும் ஸ்ட்ரோலர்.

அந்தப் பெண் முதலில் தன் தம்பியோடு வந்தாள். இடுப்பில் குழந்தை, ஒன்றரை வயதை நெருங்குகிறது. இடது கை மோதிர விரலின் நுனி இல்லை. நகம் பாதி மட்டும் கோணலாக வளர்ந்திருந்தது. சம்பவம் நடந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. காதுகுத்துக்குத் தாய்மாமன் சீராக வந்த ஸ்ட்ரோலர் அது, பாண்டியில் ஒரு கடையில் 6,500 ரூபாய்க்கு வாங்கியது. தம்பிக்கு அதுதான் உறுத்தல். “நான் வாங்கிக் கொடுத்ததாலதானே மேடம்” என்று இரண்டு முறை சொன்னான். அக்காவுக்கு வேறு உறுத்தல். “நான் சுண்டலுக்குக் காசு கொடுக்கத் திரும்பினேன்” என்றாள். என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னாள்.

சில்வர் பீச்சில் ஒரு சாயங்காலம். குழந்தையை இறக்கி நிற்கவைத்திருக்கிறாள். அது வண்டியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. யாரும் மடக்கவில்லை. வலது பக்க லாக் தானாக விட்டு, சட்டம் கத்தரிக்கோல் மாதிரி மூடிக்கொண்டது.

இரண்டாம் முறை கணவரும் வந்தார். சிப்காட்டில் ஃபிட்டர். அவர் கேட்ட முதல் கேள்வி: “அந்த லாக்குக்குப் பக்கத்துல ஒரு பட்டை வச்சு வெல்டிங் அடிச்சுட்டா நல்லா நிக்கும். அடிச்சுடட்டுமா?” இரண்டாவது, அதைக் கழுவி வைக்கலாமா என்பது. நல்ல மனிதர். உடைந்ததைப் பார்த்தால் சரிசெய்யாமல் இருக்க முடியாது. என் சீனியர் எழுந்தே நின்றுவிட்டார். “தொடாதீங்க தம்பி. தூசி கூடத் தட்டாதீங்க.”

சீனியருக்குக் கவலை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவு. காயம் நடந்தபோது பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தால், அல்லது மாற்றியமைக்கப்பட்டிருந்தால், விற்றவர் மேல் வழக்கு நிற்காது. பின்னால் வைத்த வெல்டிங்கை முன்னாலேயே வைத்ததாக எதிர்த்தரப்பு சொன்னால் இல்லை என்று எப்படிக் காட்டுவது? இன்னொன்றும் நடக்கவிருந்து தப்பியது. கணவர் அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் பாண்டிக்கே போயிருக்கிறார். கடையில், “விட்டுட்டுப் போங்க, கம்பெனிக்கு அனுப்பிப் புதுசு வாங்கித் தர்றோம்” என்றார்களாம். வாங்கிக்கொண்டதற்குச் சீட்டு கேட்டிருக்கிறார், தரவில்லை. அந்தக் கோபத்தில் திரும்பத் தூக்கி வந்துவிட்டார். அந்தக் கோபத்துக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன்.

அடுத்த நாள் ஸ்ட்ரோலர் எங்கள் சேம்பருக்கு வந்தது. பழைய பெட்ஷீட்டில் சுற்றி பீரோவுக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். வருகிற கட்சிக்காரர்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்து, “மேடம், வீட்டுல விசேஷமா?” என்று கேட்டார்கள். ஜூனியர் பையன் ஒருவன் ஆர்வத்தில் விரலுக்குப் பதிலாக வெண்டைக்காய் வாங்கி வந்து கீலில் வைத்துப் பார்க்கலாம் என்றான். அவனுக்கும் சீனியரிடம் அர்ச்சனை விழுந்தது.

எங்கே வழக்குப் போடுவது என்பதில் எனக்கே குழப்பம் இருந்தது. கடை புதுச்சேரியில், அது தனி யூனியன் பிரதேசம். 1986ஆம் ஆண்டின் பழைய சட்டப்படி எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ சம்பவம் நடந்த இடத்திலோ போட வேண்டும். சம்பவம் எங்கே நடந்தது என்பதையே மறுக்கப்போகிறார்கள் என்று எனக்கு ஏற்கெனவே பட்டது. (ஏன் என்று சொல்கிறேன்.) 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 34ஆம் பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்கிறது. இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தானே என்று தோன்றலாம். கைக்குழந்தையோடு வாய்தாவுக்கு வாய்தா பாண்டி பஸ் பிடிப்பவளுக்கு அது சின்ன தூரமில்லை. கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போட்டோம். கேட்கும் நஷ்டஈடு எவ்வளவு என்பதை வைத்து இங்கே கட்டணம் வருவதில்லை, பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்துத்தான். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. அந்தப் பெண் நம்பவில்லை. “அப்ப உங்க ஃபீஸ் மட்டும்தானா மேடம்?” என்று கேட்டதும் சீனியர் சிரித்துவிட்டார்.

பில் தாய்மாமன் பேரில், காயம் குழந்தைக்கு, அழுவது அம்மா. இதில் யார் நுகர்வோர்? வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே இருக்கிறது. மைனருக்காகப் பெற்றோர் புகார் தரலாம். குழந்தைக்குத் தனியாக, பெற்றோரின் மன உளைச்சலுக்குத் தனியாக நஷ்டஈடு கேட்கலாம் என்பதற்கு 1998ல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஸ்பிரிங் மெடோஸ் தீர்ப்பு கையில் இருந்தது. அது மருத்துவமனை வழக்கு. ஆனாலும் இந்த இடத்துக்குப் பொருந்தும்.

சிக்கல் தயாரிப்பாளரைப் பிடிப்பதில்தான். தயாரித்தது சீனாவில். இறக்குமதி செய்தவர் விலாசம் அட்டைப்பெட்டியில்தான் இருக்கும், பொட்டலப் பொருள் விதிகளின்படி அச்சிட்டே ஆக வேண்டும். பெட்டி எங்கே? பழைய பேப்பர்காரரிடம் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். மாமியார் அதைப் பரணில் வைத்து உள்ளே கொலு பொம்மைகளை அடுக்கியிருந்தார். தசாவதாரத்தையும் செட்டியார் பொம்மையையும் பழைய புடவையில் சுற்றி இறக்கிவிட்டு, பெட்டியை எங்களிடம் கொடுத்தார். டெல்லி விலாசம் ஒன்று இருந்தது. பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினோம். ‘விலாசத்தில் இல்லை’ என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

கணவருக்கு முகம் விழுந்துவிட்டது. சீனியரோ அந்தக் கவரைப் பிரிக்காமல் பத்திரப்படுத்தச் சொன்னார். 86ஆம் பிரிவு: தயாரித்தவர் யாரென்று தெரியாவிட்டாலோ, அவர் கையில் நோட்டீஸைச் சேர்க்க முடியாவிட்டாலோ, அவர் இந்தியச் சட்டத்துக்குக் கட்டுப்படாதவராக இருந்தாலோ, விற்றவரே பொறுப்பு. அதுவரை, “நான் வெறும் வியாபாரி சார், பெட்டியைப் பிரிச்சுக்கூடப் பார்க்கிறதில்ல” என்று போனில் சொல்லிக்கொண்டிருந்த கடைக்காரர் அதற்குப் பிறகு வக்கீல் வைத்தார். அவர் மேல் எனக்குக் கொஞ்சம் பரிதாபமும் உண்டு. சென்னையில் மொத்த வியாபாரியிடம் எடுத்து, ஒரு வண்டிக்குச் சில நூறு லாபம் பார்க்கிறவர். ஆனால் அந்தச் சில நூறுக்காக யார் செய்ததென்றே தெரியாத ஒன்றைத்தான் குழந்தைக்கென்று விற்றிருக்கிறார்.

பதிலுரை வந்தது. நான் பயந்தது அதில் இருந்தது. அவசரப் பிரிவுச் சீட்டின் நகலை இணைத்திருந்தார்கள். அதில் ‘கதவில் விரல் நசுங்கியது’ என்று எழுதியிருந்தது.

இது எனக்கு முதல் நாளே தெரியும். சீட்டைப் படித்துவிட்டு அவளிடம் கேட்டபோது தம்பியை வெளியே போகச் சொன்னாள். கணவர் அன்று இரண்டாவது ஷிஃப்ட். கைக்குழந்தையோடு கடற்கரைக் காத்துக்குப் போகாதே என்று மாமியார் சொல்லியிருக்கிறார். சொல்லாமல் போயிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்கு மாமியாரும் ஓடிவந்தார். டூட்டி டாக்டர், “எப்படி ஆச்சு?” என்றதும் வாயில் வந்தது, “கதவுல மாட்டிக்கிச்சு.” சம்பவம் பீச்சில் நடந்தது என்று கணவருக்கே மறுநாள் இரவுதான் சொன்னாள். மாமியாருக்கு அப்போதும் சொல்லவில்லை.

இந்த மாதிரிச் சீட்டுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். குக்கர் வெடித்த பெண் ‘எண்ணெய் தெறித்தது’ என்பாள். கட்டில் சரிந்து குழந்தை விழுந்தால் ‘தூக்கத்தில் உருண்டது’. கேட்பது டாக்டராக இருந்தாலும் அவள் காதில் வீடே கேட்பது போல விழுகிறது: நீ என்ன பண்ணிக்கிட்டிருந்தே? அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறாள். எந்தப் பொருள், எந்தப் பகுதி, எப்படி விட்டது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. இந்தச் சட்டம் கேட்பது அதைத்தான்: தயாரிப்பில் பழுதா, வடிவமைப்பில் பழுதா, எச்சரிக்கை போதுமான அளவு இருந்ததா?

இரவில் உட்கார்ந்து வெளிநாட்டுச் சங்கதிகளைப் படித்தேன். 2009ல் அமெரிக்காவில் ஸ்ட்ரோலர் தயாரிக்கும் மெக்லாரன் நிறுவனம் சுமார் 10 லட்சம் ஸ்ட்ரோலர்களைத் திரும்ப அழைத்திருக்கிறது. கீலில் மாட்டி விரல் நுனி துண்டானதாக 12 புகார்கள். கீலை மூட ஓர் உறை அனுப்பினார்கள். 2014ல் கிராக்கோ என்ற இன்னொரு நிறுவனம் சுமார் 47 லட்சம். அதுவும் மடக்கும் கீல்தான், அதுவும் விரல்தான். அவளிடம் இதைச் சொன்னேன். “அங்கயும் அம்மாங்க பார்த்துக்கிட்டுத்தானே இருந்திருப்பாங்க?” என்றாள். என்னை ‘அக்கா’ என்று கூப்பிடத் தொடங்கியது அன்றைக்குத்தான். நம் ஊரிலும் ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு உண்டு. அங்கும் ஒரு மனு அனுப்பினோம்.

சாட்சியமாக எழுதிக் கொடுக்கும் நிரூபண வாக்குமூலத்தில் எல்லாவற்றையும் எழுதலாம் என்று சீனியர் சொன்னார். பீச், சுண்டல், மாமியாருக்குப் பயந்து சொன்ன கதவு, எல்லாம். மறைத்தால் குறுக்கு விசாரணையில் வரும், அப்போது அசிங்கமாக வரும். எழுதினோம். ஆனால் வாக்குமூலம் மட்டும் போதுமா? அப்போதுதான் சீனியர் தொட விடாததன் அருமை தெரிந்தது. பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப 38ஆம் பிரிவில் மனுப் போட்டோம். செலவை முதலில் நாங்கள்தான் கட்ட வேண்டியிருந்தது. சீல் வைப்பதற்காக ஆணையத்தில் பெட்ஷீட்டைப் பிரித்தபோது சக்கரத்தின் அச்சிலிருந்து மணல் கொட்டியது. வெளுப்பான கடற்கரை மணல், ஒரு கைப்பிடி இருக்கும். வலது கீலின் இடுக்கில் காய்ந்துபோன பழுப்புக் கறை. எதிர்த்தரப்பு வக்கீல் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நிமிர்ந்தார். எந்த வீட்டுக் கதவில் கடல் மணல் இருக்கும்?

ஆய்வறிக்கையில், வலது லாக்கின் பிளாஸ்டிக் பல், வார்க்கும்போதே அச்சில் முழுதாக நிரம்பவில்லை என்று இருந்தது. ‘டக்’ என்று சத்தம் வரும், ஆனால் பிடிக்காது. இரண்டு வாய்தா கழித்துக் கடைக்காரர் மொத்த வியாபாரியையும் கூட்டிக்கொண்டு சமரசத்துக்கு வந்தார். தொகையை வெளியே சொல்வதில்லை என்று ஒப்பந்தம். குழந்தையின் பங்கு தேசியமயமாக்கப்பட்ட வங்கியில், பதினெட்டு வயது வரை வைப்பில் இருக்கிறது.

கையெழுத்துப் போட மாமியாரும் வந்திருந்தார். வாக்குமூலத்தை அதற்குள் யாரோ அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். மருமகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். “சுண்டல் வாங்கத் திரும்பினா அதுவும் ஒரு தப்பாடி?” என்றார் கிழவி. சத்தமாகத்தான் கேட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“மேடம், அந்தப் பெட்டி?”

பெட்டி மூன்றாம் சான்றாவணம். ஆணையத்திலிருந்து திரும்பப் பெற மனுப் போட வேண்டும். நவராத்திரிக்குள் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.