சொரானியில் கேள்வி கேட்கப் பழகுகிறேன்

சொரானி, அதாவது மத்திய குர்திஷ், கேள்வி விஷயத்தில் தமிழ்க்காரனுக்கு ரொம்ப வசதியான மொழி. இறந்தகாலம் குறுக்கே வரும்வரை. இந்தச் சுற்றில் கேள்விகளை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு, ஒரே வாக்கியத்தைப் பல விதமாகத் திருப்பிப் போட்டு, போனில் பதிவுசெய்து கேட்டுப் பார்க்கிறேன்.

நான் பின்பற்றுவது இராக்கின் சுலைமானியா வழக்கு. 1784இல் பாபான் இளவரசர்கள் அமைத்த ஊர் அது. எழுத்துச் சொரானி பெரும்பாலும் அந்த ஊர்ப் பேச்சை ஒட்டியே வளர்ந்தது. ஆனாலும் 'போகிறாய்' என்பதை எழுதும்போது 'தெச்சீத்' என்பார்கள், அந்த ஊர் வாயில் அது 'எச்சீத்' ஆகிவிடும். இங்கே எழுத்து வடிவத்தையே தருகிறேன்.

முதலில் ஆம்-இல்லை கேள்விகள். நமக்குக் கடைசியில் ஓர் 'ஆ' ஒட்டாமல் கேள்வி முடியாது. சொரானியில் ஒட்டுவதற்கு எதுவுமே இல்லை. 'பாஷீ' என்றால் 'நன்றாக இருக்கிறாய்'. அதையே குரலைத் தூக்கி முடித்தால் 'நன்றாக இருக்கிறாயா?' தெருவில் ஒருவரைப் பார்த்ததும் 'ச்சோனீ, பாஷீ?' என்று அடுக்குவார்கள். எப்படி இருக்கே, நல்லா இருக்கியா, அவ்வளவுதான். மரியாதைக்குரியவர் என்றால் பன்மையில் 'ச்சோனின், பாஷின்?' நம் நீ, நீங்கள் கணக்கேதான். பதிவைக் கேட்கும்போது என் குரல் கடைசி அசையில் தேவைக்கு மேல் இழுபடுகிறது. வாய் அந்த 'ஆ'வைத் தேடுகிறது போல.

'ஆயா' என்றொரு சொல்லும் உண்டு. வாக்கியத்தின் முன்னால் வைத்தால் அது கேள்வி என்று முன்கூட்டியே சொல்லிவிடும். எழுத்திலும் செய்தி வாசிப்பிலும் தாராளமாக வரும், அரட்டையில் அதிகம் காணோம். நம் ஆயாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வினாச் சொற்கள் சுலபம். கே (யார்), ச்சீ (என்ன), க்வே (எங்கே), கெய் (எப்போது), ச்சோன் (எப்படி), காம் (எது), ச்செந்த் (எத்தனை, எவ்வளவு). ச்சீ என்று முகம் சுளிக்காமல் சொல்லப் பழகவே கொஞ்சம் நேரம் ஆனது. இவற்றை வாக்கியத்தின் தலைக்கு இழுத்துவர வேண்டியதில்லை. பதில் எந்த இடத்தில் வருமோ அங்கேயே கேள்விச் சொல்லும் உட்காரும். 'நாவித் ச்சீயெ?' என்றால் உன் பெயர் என்ன, வரிசை அப்படியே நம்முடையது. 'தெச்சீத் போ க்வே?' (எங்கே போகிறாய்?) என்பதில் மட்டும் க்வே வினைக்குப் பின்னால் நிற்கிறது. நாமும் 'போறது எங்கே?' என்று கேட்பதுண்டே. 'போ' என்றால் 'க்கு', அதுவே தனியாக வந்தால் 'ஏன்'. 'போச்சீ' என்றால் அச்சு அசல் நம் 'எதுக்கு'.

சரி, இறந்தகாலத்துக்கு வருவோம். நேரமெல்லாம் இங்கேதான் போனது. 'ச்சீ தெகெய்த்?' என்றால் என்ன செய்கிறாய். 'நீ'யைக் காட்டும் 'த்' வினையின் வாலில் இருக்கிறது. 'என்ன செய்தாய்' என்று கேட்டால் 'ச்சீத் கிர்த்?' வினை மொட்டையாக நிற்க, 'நீ'யைக் காட்டும் 'த்' ஓடிப்போய் 'என்ன'வின் முதுகில் ஏறிக்கொள்கிறது. நான் என்ன செய்தேன்: 'ச்சீம் கிர்த்?' அவர்கள் என்ன செய்தார்கள்: 'ச்சீயான் கிர்த்?' செயப்படுபொருள் குன்றாத வினைகளுக்கு மட்டுமே இந்தக் கூத்து. 'வா' போன்ற வினைக்கு இது கிடையாது. 'கெய் ஹாதீத்?' (எப்போது வந்தாய்?) என்பதில் விகுதி பழைய இடத்திலேயே இருக்கும்.

இதனால் ஒற்றை எழுத்தில் ஆள் மாறிவிடுகிறது. 'கேத் பீனீ?' என்றால் யாரைப் பார்த்தாய். 'கே தோய் பீனீ?' என்றால் யார் உன்னைப் பார்த்தது. 'தோ' என்பது நீ, அதில் தொங்கும் 'ய்' பார்த்தவருக்கு உரியது. நமக்கு 'ஐ' உருபு செய்கிற வேலையை இங்கே இந்த ஒட்டு எங்கே உட்காருகிறது என்பது செய்கிறது. ஒரு தாளில் வினாச் சொற்களை எழுதி, த், ம், யான் என்று துண்டுச் சீட்டுகளை நகர்த்தி நகர்த்தி வைத்த பிறகுதான் எனக்கு இது படிந்தது. அட்டவணையை வெறுமனே மனப்பாடம் செய்வது வீண் வேலை என்பேன்.

ரசித்த விஷயம் 'எரே'. அதற்கு 'ஆமாம்' என்று பொருள். ஆனால் கேள்விக்கு முன்னாலும் போடுவார்கள்: 'எரே, தோ கேய்த்?' நம் 'ஆமா, நீ யாரு?' மாதிரியே. அப்புறம் 'பா'. 'வரலையா?' (நாயெய்த்?) என்று எதிர்மறையில் கேட்டால், வரப்போகிறவர் 'பா, தேம்' என்பார். 'வராமல் என்ன, வருகிறேன்' என்ற மறுப்பு அந்த ஒரே அசைக்குள் இருக்கிறது. தமிழில் இதற்கு 'ஆமாம்' சொல்வதா 'இல்லை' சொல்வதா என்று தடுமாறுவோம், அங்கே அந்தக் குழப்பமில்லை.

இன்னும் பிடிபடாதது ச்செந்த்தான். 'ச்செந்த் கெஸ் ஹாதின்' என்றால் சிலர் வந்தார்கள், அதுவே எத்தனை பேர் வந்தார்கள் என்ற கேள்வியும். குரல் ஒன்றே வித்தியாசம். இப்போதைக்கு விலை கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்: 'எமெ பெ ச்செந்தெ?' இது என்ன விலை? அதில் யாருக்கும் சந்தேகம் வராது.