இதுல நம்ம மஞ்சள் எதுங்க?

போன வருடம் காங்கேயம் பக்கம் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கும் ஒரு அண்ணன் லேபிள் மாற்ற வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார். போனதும் கடையின் பெயர் போட்ட எல்லாவற்றையும் மேசைமேல் எடுத்து வைக்கச் சொன்னேன். ஒரு லிட்டர் பாட்டில், 15 கிலோ டின், பில் புக், துணிப்பை, அப்புறம் போனில் வேனுடைய போட்டோ. எல்லாமே மஞ்சள்தான். ஆனால் பாட்டிலில் எலுமிச்சை மஞ்சள், டின்னில் கிட்டத்தட்ட ஆரஞ்சு, துணிப்பையில் மங்கிப்போய்ச் சந்தன நிறம். அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, இதுல நம்ம மஞ்சள் எதுங்க?" என்றார்.

பிராண்ட் கைட்லைன்ஸ் என்று என்னைப் போன்ற டிசைனர்கள் சொல்வதெல்லாம் இந்தக் கேள்விக்கு எழுதி வைக்கும் பதில்தான். யார் அச்சடித்தாலும், எந்த ஊரில் அடித்தாலும், நம்ம மஞ்சள் இது, நம்ம எழுத்து இது என்று காட்டுவதற்கு ஒரு தாள்.

நிறத்தைவிட மோசமாக இருந்தது பெயர். லேபிளில் 'மரச்செக்கு', போர்டில் 'மர செக்கு', ஆங்கிலத்தில் ஆளுக்கொரு ஸ்பெல்லிங். ஒரு பாட்டிலில் 'கடலை எண்ணெய்', இன்னொன்றில் 'கடலெண்ணெய்'. வேனில் எழுத்தே உடைந்திருந்தது: 'செக்கு' என்பதில் ச-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு அதைத் தாண்டிப் போய் க்-குக்கு முன்னால் நின்றது. யூனிகோடில் தட்டிய தமிழை, இந்திய எழுத்துகளைக் கோத்துக் காட்டத் தெரியாத பழைய சாஃப்ட்வேரில் அப்படியே ஒட்டினால் இதுதான் நடக்கும். இரண்டு வருடமாக அந்த வேன் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. நம் மொழியில் நம் பெயரைச் சரியாக எழுதுவதைவிட முக்கியமான அடையாளம் என்ன இருக்கிறது?

சரி, நான் முதலில் செய்ததும் தப்புதான். 30 பக்கத்துக்கு மேல் ஆங்கிலத்தில் அழகாக ஒரு பிடிஎஃப் செய்து கொடுத்தேன். யாரும் திறக்கவில்லை. ஃபிளெக்ஸ் கடைக்குப் போனது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பிய லோகோ. அது சுருங்கி, ஓரமெல்லாம் பிசிறடித்துப் போய்ச் சேர்ந்ததும் அந்தக் கடைக்காரர் கோரல்டிரா என்ற வரையும் சாஃப்ட்வேரில் அவரே மறுபடி வரைந்துகொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் கையில் வேறு எதுவும் இல்லை.

அப்போதுதான் 1975இல் நாசாவுக்காக ரிச்சர்ட் டேன், புரூஸ் பிளாக்பர்ன் என்ற இரண்டு டிசைனர்கள் செய்த பிராண்ட் கையேட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன் (நாசா தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது, பாருங்கள்). லெட்டர்ஹெட்டில் லோகோ எங்கே வரும், காரில் எங்கே வரும், விமானத்தில் எங்கே வரும் என்று பொருள் பொருளாகப் பிரித்துக் காட்டியிருப்பார்கள். காருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர் அவருக்கான பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும்.

அதே வழியில் தமிழில் ஆறு பக்கம் எழுதினேன். லேபிள் அடிப்பவருக்கு ஒன்று, டின்காரருக்கு ஒன்று, ஃபிளெக்ஸ் கடைக்கு ஒன்று, வாட்ஸ்அப் பார்க்கும் தம்பிக்கு ஒன்று, இப்படி. மஞ்சள் அச்சுக்கு சி 0, எம் 25, ஒய் 100, கே 0 (சியான் என்ற நீலம், மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளின் சதவீதம்). போன் திரைக்கு ஆர் 255, ஜி 191, பி 0 (சிவப்பு, பச்சை, நீல ஒளியின் அளவு). மஞ்சளில் சியான் துளி கலந்தாலும் பச்சையடிக்கும் என்பதால் அந்த 0-வைத் தடித்த எழுத்தில் போட்டேன். துணிப்பைக்கு இந்த எண் உதவாது, துணி மையை இழுத்துவிடும். அதனால் அங்கே மஞ்சளே வேண்டாம், கரும்பச்சை ஒரே நிறம் என்று முடிவு செய்தோம்.

எழுத்துக்கு முக்தா மலர் என்ற ஃபான்ட். இலவசம், தடிமன்கள் நிறைய, ஆங்கிலமும் அதே குடும்பத்தில் உண்டு. தமிழில் மேலே விசிறி, கீழே சுழி என்று இரண்டு பக்கமும் நீள்வதால் ஆங்கிலத்துக்கு விடும் வரி இடைவெளி பத்தாது. 12 பாயின்ட் எழுத்துக்கு வரி இடைவெளி 18 பாயின்ட் என்று எழுதி வைத்தேன். ஃபிளெக்ஸ் கடைக்குப் போகும் ஃபைலில் எழுத்தெல்லாம் கர்வ்ஸாக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றியிருக்க வேண்டும், வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக இல்லாமல் டாக்குமென்ட்டாக அனுப்ப வேண்டும். இந்த இரண்டு வரி போதும், கொம்பு இடம் மாறாது. பெயர்ப் பலகையில் தமிழ்தான் மேலே, பெரிதாக. தமிழ்நாட்டில் தமிழ், ஆங்கிலம், பிறமொழி 5:3:2 என்று விதியே இருக்கிறது, அதனால் லோகோவையே அந்த அளவில்தான் வரைந்தேன். வாட்ஸ்அப் டிபி வட்டமாக வெட்டும், நீள லோகோவின் இரண்டு முனையும் போய்விடும். அதற்கு 'செ' என்ற ஒற்றை எழுத்து மட்டும்.

கடைசிப் பக்கம் சொற்களுக்கு. மரச்செக்கு: ஒரே சொல், நடுவில் ச் உண்டு. கடலெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், மூன்றும் சேர்த்தே. அண்ணனின் அம்மாதான் இந்தப் பக்கத்தைச் சரிபார்த்தார்.

வேன் மட்டும் பாக்கி. அதில் ஒட்டும் வகை ஸ்டிக்கருக்கு மை கிடையாது, நிறமேறிய ரோலையே வெட்டி ஒட்டுவார்கள், அதனால் என் எண்கள் அங்கே செல்லாது. அடுத்த வாரம் பாட்டிலோடு ஸ்டிக்கர் கடைக்குப் போய் நிற மாதிரிகள் ஒட்டிய ஷேட் கார்டை வெயிலில் வைத்துப் பார்த்து, அந்த ரோல் நம்பரை ஏழாவது பக்கமாகச் சேர்க்க வேண்டும்.