நான்காம் பெட் பாட்டாவும் மூன்று புதன்கிழமைகளும்

ஜூன் 4, 2025, புதன்

ஆன்லைன் வகுப்பு இன்று தொடங்கியது. வென்டிலேட்டரில் கிடப்பவரை அதிலிருந்து எப்படி விடுவிப்பது என்று ஐசியூ ஆட்களுக்கு மூன்று புதன்கிழமை, இரவு ஏழரை மணிக்கு. எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் ஏழு பேரின் பெயரைக் கொடுத்தார். டியூட்டி போக மிஞ்சியது மூன்று பேர். நான் தக்கலையில் வீட்டு அடுக்களை மேசையில் ஃபோனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே மாமியார் மரச்சீனி தோலுரித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மக்களே, மூச்சு விடுகதுக்கு ஃபோன்லயா சொல்லிக் கொடுக்குதாவ?"

பிள்ளைக்குப் பால் மறக்கடிப்பது மாதிரி மாமி, மெஷினை மறக்கடிக்கிறது என்று சொல்லிவைத்தேன். 'வீனிங்' என்ற சொல்லுக்கு அதுதானே அர்த்தம். வேப்பெண்ணெய் தடவுவீங்களோ என்று கேட்டுச் சிரித்தார்.

பத்து நிமிடத்தில் வகுப்பு எடுத்த டாக்டர் என் உவமையை உடைத்துப் போட்டார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருவதுதான் நல்லது என்று நாம் நினைக்கிறோம், அங்கேதான் நாள் வீணாகிறது என்றார். ஸ்பெயினில் நடந்து 1995-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றைக் காட்டினார். டாக்டர்கள் தயார் என்று நினைத்த 546 பேரை இரண்டு மணி நேரம் சொந்தமாக மூச்சுவிட வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 416 பேர் முதல் தடவையே தாண்டிவிட்டார்கள். தாண்டாதவர்களிலும், தினம் ஒரே ஒரு தடவை அப்படிச் சோதித்த கூட்டத்துக்கு, மெஷின் தரும் மூச்சின் எண்ணிக்கையைப் படிப்படியாகக் குறைத்த கூட்டத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் தொண்டையில் போட்ட குழாய் கழன்றிருக்கிறது.

ஆக, அந்த முக்கால்வாசிப் பேருக்கு மறக்கடிக்க எதுவுமே இருக்கவில்லை. பதினொரு வருட சர்வீஸில் எத்தனை பேரை இரண்டு நாள், மூன்று நாள் கூடுதலாகப் படுக்க வைத்திருப்பேன் என்று யோசித்தால் மரச்சீனி தொண்டைக்குள் இறங்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

நேற்று இரவு நான்காம் பெட்டுக்கு ஒரு பாட்டா வந்திருக்கிறார். (ஊரையும் வயதையும் இங்கே எழுதமாட்டேன்.) கடலுக்குப் போனவர். ஐம்பது வருடப் பீடி, அதற்கு மேல் நிமோனியா. டியூப் போட்டாயிற்று. வெளியே மகள், கையில் மட்டிப் பழச் சீப்போடு. யாருக்கு என்று கேட்கவில்லை.

ஜூன் 11, புதன்

மழை. கரண்டு இரண்டு தடவை போனது, இரண்டு தடவையும் வகுப்பின் முக்கியமான இடத்தில். ஃபோன் டேட்டாவில் தொங்கிக்கொண்டு கேட்டேன்.

இன்று, சொந்தமாக மூச்சுவிட வைக்கும் சோதனைக்கு முன்னால் பார்க்கவேண்டியவை. வந்த நோய் தணிந்திருக்கிறதா, மெஷின் தரும் ஆக்சிஜன் 40 சதவீதமோ அதற்குக் கீழோ, பீப் (மூச்சு விட்ட பிறகும் நுரையீரலில் மெஷின் விட்டுவைக்கும் அழுத்தம்) 5 முதல் 8-க்குள், ரத்த அழுத்தத்தை ஏற்றிவைக்கும் மருந்து இல்லாமலோ மிகக் குறைவாகவோ, ஆள் விழித்து இருமுகிறாரா. இதெல்லாம் தெரிந்த கதைதான். ஆர்எஸ்பிஐ (மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் இருக்கிறதா என்று காட்டும் எண்) கணக்கில்தான் மாட்டிக்கொண்டேன். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதை, ஒரு மூச்சின் அளவால் (லிட்டரில்) வகுக்கவேண்டும். 24 மூச்சு, 400 மில்லி என்றால் 60. 105-க்கு மேல் போனால் பெரும்பாலும் தாங்கமாட்டார். 1991-இல் யாங், டோபின் என்ற இரண்டு பேர் சொன்ன எண் அது. ஆனால் அவர்கள் மெஷினைக் கழற்றிவிட்டு, தானாக மூச்சு விடும்போது அளந்தார்கள். நான் இத்தனை வருடமும் பிரஷர் சப்போர்ட் (ஒவ்வொரு மூச்சுக்கும் மெஷின் தரும் உந்துதல்) ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையைப் பார்த்து வகுத்திருக்கிறேன். மெஷின் பின்னாலிருந்து தள்ளினால் எண் அழகாகத்தான் வரும்.

இன்னொரு குட்டும் விழுந்தது. பீடி நுரையீரல்காரருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் போதும். எனக்கோ மானிட்டரில் 99 தெரிந்தால்தான் நிம்மதி. அவர் உடம்பு வருடக்கணக்கில் கூடுதல் கார்பன் டை ஆக்சைடோடு பழகி, அதைச் சமாளிக்க பைகார்பனேட்டைச் சேர்த்து வைத்திருக்கும். நாம் மெஷினால் வேகமாக ஊதி ஏபிஜியை (ரத்தத்தில் உள்ள வாயுக்களின் அளவை) நமக்குப் பிடித்த மாதிரி ஆக்கினால், அந்தச் சேமிப்பைக் கிட்னி வெளியே கொட்டிவிடும். அப்புறம் குழாயை எடுத்ததும் பழைய கார்பன் டை ஆக்சைடு திரும்ப ஏறும், தாங்க எதுவும் இருக்காது.

ஜூன் 13, வெள்ளி

பாட்டாவுக்கு முதல் சோதனை. தோற்றது.

காலை ஆறுக்கே மயக்க மருந்தை நிறுத்தியாயிற்று. எட்டு மணிக்குக் கண்ணைத் திறந்து என் கையை இறுக்கிப் பிடித்தார். அப்போதே தொடங்கியிருக்கவேண்டும். டாக்டர் ரவுண்ட்ஸ் வரட்டும் என்று இருந்தோம். அதற்குள் உடம்பு துடைத்து, பிசியோ முடித்து, சளியை உறிஞ்ச சக்‌ஷன் போட்டு, எக்ஸ்ரே எடுத்து, மனிதரைப் பிழிந்துவிட்டோம். பதினொன்றரைக்குத் தொடங்கினால் பதினெட்டாவது நிமிடத்தில் 38 மூச்சு, ஒவ்வொன்றும் 220 மில்லி. கணக்குப் போடவே வேண்டாம், கழுத்துத் தசை இழுத்ததைப் பார்த்தாலே போதும். நெற்றியில் வேர்வை. திரும்ப மெஷினில் போட்டோம்.

மகளிடம் சொன்னபோது, "அப்போ இனி எடுக்கவே முடியாதா சிஸ்டர்?" என்றார். இல்லம்மா, ஒரு நாள் ஓய்வு கொடுத்துத் திரும்பப் பார்ப்போம் என்றேன். களைத்த தசைக்கு முழு ஓய்வு வேண்டும், அதே நாளில் திரும்பத் திரும்ப ஓட்டக்கூடாது. அதே சமயம் மெஷினே எல்லா வேலையும் செய்தால் உதரவிதானம் மெலிந்தும் போகும். 2008-இல் வந்த ஒரு ஆய்வில், 18 முதல் 69 மணி நேரம் சும்மா கிடந்த உதரவிதானத்திலேயே இழைகள் சுருங்கியிருந்தன.

ஜூன் 15, ஞாயிறு

நேற்று காலில் வீக்கம் என்று நீர் இறக்க மருந்து கொடுத்தார்கள், இரண்டரை லிட்டர் போனது. இன்று ஆள் தெளிவு. மெஷின் தரும் ஆக்சிஜன் 35 சதவீதம். சோதித்துப் பார்க்கலாம். ஆனால் இன்று ஞாயிறு, பெரிய டாக்டர் ஃபோனில் மட்டும். "நாளைக்குப் பார்ப்போம் சிஸ்டர்." அவர் ஒருவரை மட்டும் குறை சொல்ல முடியாது. குழாயை எடுத்து ராத்திரியில் திரும்பப் போடவேண்டி வந்தால் யார் இருக்கிறார்கள்? ஆனாலும் எழுதி வைக்கிறேன், இந்த ஒரு நாள் பாட்டாவின் நுரையீரலால் ஆனது இல்லை, எங்கள் டியூட்டி சார்ட்டால் ஆனது.

ஜூன் 16, திங்கள்

இன்று நானே இன்சார்ஜிடம் போய், துடைப்பது எல்லாம் மத்தியானம் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார். எட்டேகாலுக்குத் தலைமாட்டை உயர்த்தி, சக்‌ஷன் போட்டு, இருபது நிமிடம் விட்டு, பிரஷர் சப்போர்ட் 7, பீப் 5. முப்பது நிமிடம். நான் நகரவில்லை. போன வாரம் வகுப்பில் யாரோ, "அரை மணி நேரம் நர்ஸ் ஒரே பெட்டில் நின்றால் மற்ற பெட்டை யார் பார்ப்பது?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, பதில் வழவழா கொழகொழா. இன்று ஐந்தாம் பெட்டைப் பார்த்துக்கொண்டது பயிற்சிக்கு வந்த பிள்ளை.

26 மூச்சு, 370 மில்லி. ரத்தத்தில் ஆக்சிஜன் 90. கை தன்னால் போய் ஆக்சிஜனைக் கூட்டப் பார்த்தது, இழுத்துக்கொண்டேன். குழாயின் நுனியில் உள்ள காற்றுப்பையைத் தளர்த்திப் பார்த்தோம், குழாயைச் சுற்றிக் காற்று கசியும் சத்தம் கேட்டது. நல்லது, தொண்டையில் வீக்கம் இல்லை. ஒன்பதேகாலுக்கு டாக்டர் வந்தார், ஏபிஜி பார்த்தார், "எடுத்துருவோம்."

எடுத்த கையோடு முகத்தில் மாஸ்க் வைத்து பைபாப் (குழாய் இல்லாமல் மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளும் மெஷின்). இந்த மாதிரி நுரையீரலுக்கு மூச்சு திணறும்வரை காத்திருக்காமல் முதலிலேயே போடவேண்டும் என்று வகுப்பில் சொன்னது. பாட்டாவுக்கு அது பிடிக்கவில்லை. மாஸ்க்கைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். சண்டை போட பலம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 18, புதன்

காலை பத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் ஆனது. திரும்பக் குழாய் தேவைப்படவில்லை. பகலில் மாஸ்க் இல்லாமல் இருக்கிறார். மத்தியானம் வார்டுக்கு மாற்றினோம்.

கடைசி வகுப்பு. பரீட்சை இருபது கேள்வி, எனக்குப் பதினேழு. தவறியதில் ஒன்று ஆர்எஸ்பிஐ, வெட்கக்கேடு. மாமியார் மார்க் கேட்டார், சொன்னேன். "அப்போ அந்தப் பாட்டாவுக்கு மூச்சு விடப் படிச்சுக் கொடுத்தாச்சோ?"

"இல்ல மாமி. அவருக்கு முன்னமே தெரியும். நாங்கதான் கேட்கல."

நாளை முதல் நைட். நான்காம் பெட்டுக்குச் சாயங்காலமே ஆள் வந்துவிட்டது, குலசேகரம் பக்கம், பாம்புக்கடி. ஹேண்டிங் ஓவர் நோட்டில் மயக்க மருந்துக் கட்டத்துக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு கட்டம் புதிதாகப் போட்டு வைத்திருக்கிறேன்: 'இன்று சோதித்தோமா? இல்லையென்றால் ஏன்?' இன்சார்ஜ் சிஸ்டர் இன்னும் பார்க்கவில்லை.